அத்தியாயம் 6: உள்ளூர் அணியின் ஆட்டத்தை வீட்டில் பார்க்க என்ன செலவாகும்?

அமெரிக்காவில் புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் பேஸ்பாலில் முதலில் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. பையன் பள்ளி நண்பர்களோடு சேர்ந்து ஊர் அணியின் ரசிகனாகிவிடுகிறான். அப்பா எம்எல்பி.டிவி என்ற சந்தாவைத் தேடிப்பிடித்து, ‘எல்லா அணிகளின் ஆட்டங்களும்’ என்று படித்து, 150 டாலர் கட்டுகிறார். மாலை ஏழு மணிக்கு டிவியைப் போட்டால் நாட்டின் மறுகோடியில் நடக்கும் ஆட்டம் ஓடுகிறது. பத்து மைல் தொலைவில் நடக்கும் ஊர் அணியின் ஆட்டத்துக்கு மட்டும் ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று திரை சொல்கிறது.

இது கோளாறு இல்லை, ஏற்பாடே அப்படித்தான். கிரிக்கெட் பார்க்க வில்லோ டிவிக்குப் பணம் கட்டியவருக்குத் தன் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று யோசிக்கும் தேவை வந்திருக்காது. பேஸ்பாலில் எந்தச் சந்தா வேலை செய்யும், என்ன விலை என்பதையெல்லாம் உங்கள் ஜிப் கோடுதான் தீர்மானிக்கிறது. ஏன் இப்படி என்பதை இந்த அத்தியாயத்தின் முதல் பாதி சொல்கிறது. இரண்டாம் பாதி, பணத்தை வீணாக்காமல் பார்ப்பதற்கான வழிமுறை. அவசரத்தில் இருப்பவர்கள் ‘வாங்குவதற்கு முன் ஐந்து படிகள்’ என்ற பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் அடுத்த ஆண்டு விலை மாறும்போதும் ஏமாற மாட்டார்கள்.

ஒரு சீசனில் 2,430 ஆட்டங்கள்

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். 29 அமெரிக்காவிலும் ஒன்று கனடாவின் டொராண்டோவிலும் உள்ளன. ஒவ்வோர் அணியும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிக்குள் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மொத்தம் 2,430. அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல்லில் ஓர் அணிக்கு 17 ஆட்டங்கள்தான். அவ்வளவு குறைவாக இருப்பதால் அத்தனையையும் தேசிய அளவில் மொத்தமாக விற்று, பணத்தை அணிகளுக்குச் சமமாகப் பிரித்துவிட முடிகிறது.

பேஸ்பாலில் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் உண்டு. செவ்வாய்க்கிழமை இரவு மில்வாக்கியில் நடக்கும் ஆட்டத்தைப் பார்க்க மில்வாக்கிக்காரர்கள்தான் உட்காருவார்கள். எனவே உரிமைகள் இரண்டாகப் பிரிந்தன. சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு இரவு ஆட்டம், அக்டோபர் மாத பிளே-ஆஃப், உலகத் தொடர் ஆகியவற்றை லீக் தேசிய நிறுவனங்களுக்கு விற்கிறது. மீதி ஆட்டங்களை, அதாவது பெரும்பாலானவற்றை, ஒவ்வோர் அணியும் தன் எல்லைக்குள் தானே விற்றுக்கொள்கிறது. அவற்றை வாங்கியவைதான் வட்டார விளையாட்டுச் சேனல்கள்.

உள்ளூர் விற்பனை என்பதால் வருமானம் அணிக்கு அணி மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி டைம் வார்னர் கேபிளோடு செய்த ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர். சராசரியாக ஆண்டுக்கு 33 கோடிக்கும் மேல். சிறிய நகரங்களின் அணிகளுக்கு இதில் ஆறில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. ஏற்றத்தாழ்வைக் குறைக்க, ஒவ்வோர் அணியும் தன் நிகர உள்ளூர் வருமானத்தில் 48 விழுக்காட்டைப் பொதுவில் போட்டு, அனைவரும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அப்படியும் இடைவெளி மூடவில்லை.

பார்க்காதவர் கட்டிய பணம்

இந்த அணிகளுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? விளம்பரத்திலிருந்து வந்தது கொஞ்சம்தான். பெரும்பகுதி கேபிள் பில்லிலிருந்து வந்தது.

வட்டாரச் சேனல் கேபிள் கம்பெனியிடம் ‘உங்கள் வாடிக்கையாளர் வீடு ஒன்றுக்கு மாதம் இவ்வளவு’ என்று வாங்கும். அந்த வீட்டில் யாராவது பேஸ்பால் பார்க்கிறார்களா என்ற கேள்வியே இல்லை. சமையல் நிகழ்ச்சி மட்டும் பார்க்கும் பாட்டியும் கட்டுவார். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் பலம் புரியும்.

ஒரு சேனல், 20 லட்சம் கேபிள் வீடுகள், வீட்டுக்கு மாதம் 5 டாலர். மாதம் ஒரு கோடி டாலர், ஆண்டுக்கு 12 கோடி. சீசன் இல்லாத டிசம்பர், ஜனவரியிலும் பணம் வந்துகொண்டே இருக்கும். இப்போது அந்த வீடுகளில் பத்தில் ஒன்றுதான் உண்மையில் பேஸ்பால் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 2 லட்சம் வீடுகள். பார்ப்பவர்களிடம் மட்டுமே அதே பணத்தை வசூலிக்க வேண்டுமானால் வீட்டுக்கு மாதம் 50 டாலர் ஆகும். யாரும் தரமாட்டார்கள். 20 டாலர் என்று வைத்தால், அந்த 2 லட்சம் பேரும் சேர்ந்தாலும், சீசன் நடக்கும் ஆறு மாதத்துக்கு மட்டும் கட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். கையில் நிற்பது 2 கோடியே 40 லட்சம். பழைய வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

எண்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் கணக்கின் போக்கு எல்லா ஊருக்கும் இதுதான். ஸ்ட்ரீமிங் சந்தா ஏன் இத்தனை காலம் வரவில்லை, வந்தபோது ஏன் கேபிளில் கட்டியதைவிட விலை அதிகமாகத் தெரிகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இதில் இருக்கிறது. முன்பு ரசிகரின் செலவில் பெரும்பங்கைப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டினார். அவர் இப்போது கேபிளைத் துண்டித்துவிட்டார்.

கேபிள் சரிந்தது, சேனல்கள் கவிழ்ந்தன

உச்சத்தில் அமெரிக்காவில் சுமார் 10 கோடி வீடுகள் கேபிள் அல்லது சாட்டிலைட் டிவிக்குப் பணம் கட்டின. கடந்த பத்தாண்டுகளாக அது தேய்ந்துகொண்டே வருகிறது. தேயத் தொடங்கிய நேரத்தில்தான் ஒரு நிறுவனம் இந்தத் தொழிலைப் பெரும் கடனில் வாங்கியது.

2019-ல் டிஸ்னி, ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெரும்பகுதியை வாங்கியபோது, போட்டிச் சட்டத்தின் காரணமாக ஃபாக்ஸின் வட்டாரச் சேனல்களை விற்றுவிட வேண்டும் என்று அரசு நிபந்தனை விதித்தது. அவற்றில் 21 சேனல்களைச் சின்கிளேர் என்ற ஒளிபரப்பு நிறுவனம் சுமார் 1,000 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்காக டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குரூப் என்ற துணை நிறுவனத்தை அமைத்தது. அந்த நிறுவனத்தின் தலையில் 800 கோடி டாலருக்கும் மேல் கடன் ஏறியது.

வாங்கிய சில மாதங்களிலேயே சறுக்கல் தொடங்கியது. டிஷ் சாட்டிலைட் 2019 ஜூலையிலேயே இந்தச் சேனல்களை நிறுத்தியிருந்தது. 2020 அக்டோபரில் யூடியூப் டிவியும் ஹூலுவும் கைவிட்டன. 2021-ல் சேனல்களுக்குப் பாலி ஸ்போர்ட்ஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். 2023 மார்ச் 14 அன்று டயமண்ட், ஹூஸ்டன் நீதிமன்றத்தில் திவால் மனு தாக்கல் செய்தது. அப்போது அதன் கையில் 14 பேஸ்பால் அணிகளின் உள்ளூர் உரிமை இருந்தது.

அடுத்து நடந்தது ரசிகருக்கு முக்கியம். 2023 மே இறுதியில் சான் டியேகோ பாட்ரெஸ் அணிக்குத் தரவேண்டிய தொகையை டயமண்ட் தரவில்லை. மறுநாளே லீக், ஒளிபரப்பைத் தானே எடுத்துக்கொண்டது. கேமரா, வர்ணனை, தயாரிப்பு எல்லாம் லீக் பொறுப்பு. கேபிளிலும் வரும், கேபிள் இல்லாதவர் நேரடியாகச் சந்தாவும் கட்டலாம். முன்பு சுமார் 11 லட்சம் வீடுகளுக்கு எட்டிய ஆட்டம், இந்த மாற்றத்தால் 32 லட்சம் வீடுகளுக்குக் கிடைக்கக்கூடியதானது. ஆனால் அணிக்கு வந்த பணம் குறைந்தது. அந்த ஆண்டு ஒப்பந்தத் தொகையில் 80 விழுக்காடாவது அணிக்குக் கிடைக்கும் என்று லீக் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. ரசிகருக்கு வசதி கூடும்போது அணிக்கு வருமானம் குறைகிறது. இன்று நடக்கும் எல்லாப் பேரங்களுக்கும் அடியில் இருப்பது இந்த முரண்தான்.

அதே 2023 ஜூலையில் அரிசோனா டைமண்ட்பேக்ஸ், 2024-ல் கொலராடோ ராக்கீஸ், 2025-ல் கிளீவ்லாந்து கார்டியன்ஸ், மினசோட்டா ட்வின்ஸ் என்று லீக் தயாரிக்கும் அணிகள் ஐந்தாயின. பாலி ஸ்போர்ட்ஸ் 2024 அக்டோபரில் ஃபேன்டூயல் ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க் ஆனது. டயமண்ட் 2025 ஜனவரியில் திவாலிலிருந்து வெளிவந்து மெயின் ஸ்ட்ரீட் ஸ்போர்ட்ஸ் குரூப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஐந்து ஆண்டுக்குள் ஒரே சேனலுக்கு மூன்று பெயர். நண்பர் சொன்ன சேனல் பெயரை நம்பிச் சந்தா கட்டக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பேரம் முறிந்தால் இருட்டாவது உங்கள் வீடு

வட்டாரச் சேனலுக்கும் கேபிள் கம்பெனிக்கும் விலையில் ஒத்துவராவிட்டால் சேனல் மறைந்துவிடும். டாட்ஜர்ஸுக்காக 2014-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ்நெட் எல்ஏ சேனலை, விலை அதிகம் என்று டைரெக்டிவி உள்ளிட்ட பல நிறுவனங்கள் ஏற்கவில்லை. 67 சீசன்கள் அந்த அணிக்கு வர்ணனை செய்த வின் ஸ்கல்லி 2016-ல் ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி மூன்று சீசன்களை லாஸ் ஏஞ்சலஸில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் முழுமையாகப் பார்க்க முடியவில்லை. டைரெக்டிவியின் அப்போதைய உரிமையாளரான ஏடி அண்ட் டியோடு ஒப்பந்தம் ஆனது 2020 ஏப்ரலில்தான்.

2024-ல் இதே கதை இன்னோர் இடத்தில் நடந்தது. மே 1 முதல் மூன்று மாதம் காம்காஸ்ட் வாடிக்கையாளர்களுக்குப் பாலி ஸ்போர்ட்ஸ் வரவில்லை. திரும்பி வந்தபோது பல ஊர்களில் விலை கூடிய தொகுப்புக்குள் போயிருந்தது.

கேபிள் வைத்திருப்பவர்கள் பில்லை ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். ‘வட்டார விளையாட்டுக் கட்டணம்’ என்று தனி வரி இருக்கும். பல ஊர்களில் அது மாதம் 10 டாலரைத் தாண்டும். விளம்பரத்தில் காட்டிய விலையில் இது சேர்ந்திருக்காது. விளையாட்டே பார்க்காத குடும்பமானால், வட்டாரச் சேனல் இல்லாத தொகுப்புக்கு மாறினால் ஆண்டுக்கு 120 டாலருக்கு மேல் மிச்சம்.

இருட்டடிப்பு எப்படி வேலை செய்கிறது

ஒவ்வோர் அணிக்கும் லீக் ஓர் எல்லை வகுத்துக் கொடுத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் ஆட்டத்தைக் காட்டும் உரிமை உள்ளூர் சேனலுக்கு மட்டுமே. அதனால்தான் எம்எல்பி.டிவி அந்த எல்லைக்குள் அந்த அணியின் ஆட்டத்தை மறைக்கிறது. சொந்த மைதானத்தில் ஆடினாலும் வெளியூரில் ஆடினாலும் மறைப்புதான்.

எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் விநோதங்கள் உண்டு. அயோவா மாநிலத்தில் மேஜர் லீக் அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் சிகாகோவின் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், கான்சஸ் சிட்டி ராயல்ஸ், மில்வாக்கி ப்ரூவர்ஸ், மினசோட்டா ட்வின்ஸ் ஆகிய ஆறு அணிகள் அந்த மாநிலத்தைத் தங்கள் எல்லை என்கின்றன. லாஸ் வேகஸிலும் ஆறு: டாட்ஜர்ஸ், ஏஞ்சல்ஸ், பாட்ரெஸ், ஜயன்ட்ஸ், ஏஸ், டைமண்ட்பேக்ஸ். 30 அணிகளில் ஆறு மறைந்தால், அவற்றின் எதிரணிகளுக்கும் அந்த நாள் மறைவு. ஒரு நாளில் நடக்கும் 15 ஆட்டங்களில் ஆறு வரை காணாமல் போகலாம்.

இதைச் சட்டம் அனுமதிக்கிறதா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922-ல் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. வேறெந்த விளையாட்டுக்கும் அப்படி ஒரு விலக்கு கிடைக்கவில்லை. 2012-ல் ரசிகர்கள் சிலர் எல்லைப் பிரிவினையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2016 ஜனவரியில் அது சமரசத்தில் முடிந்தது. எம்எல்பி.டிவி விலை குறைந்தது, ஒரே ஓர் அணியை மட்டும் பின்தொடர்வோருக்குத் தனிச் சந்தாவும் வந்தது. எல்லைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இரண்டு சிறு செய்திகளை நினைவில் வையுங்கள். மறைக்கப்பட்ட ஆட்டம் முடிந்து சுமார் 90 நிமிடத்துக்குப் பிறகு எம்எல்பி.டிவியில் முழுமையாகக் கிடைக்கும். இரவுப் பணிக்குப் போகிறவர்களுக்கும், மறுநாள் காலையில் நிதானமாகப் பார்ப்பவர்களுக்கும் இதுவே போதும். இன்னொன்று, விபிஎன் போட்டு வேறு ஊரில் இருப்பதாகக் காட்டும் யோசனை. அது சந்தா விதிகளுக்கு மாறானது. கணக்கு முடக்கப்பட்டால் கட்டிய பணத்தைக் கேட்கவும் முடியாது.

வாங்குவதற்கு முன் ஐந்து படிகள்

1. ஜிப் கோடைச் சரிபாருங்கள். லீக்கின் இணையதளத்தில் ஜிப் கோடு போட்டால் உங்கள் வீட்டுக்கு எந்த அணிகள் ‘உள்ளூர்’ என்று பட்டியல் வரும். வீடு மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பக்கத்துக் கவுண்டிக்குப் போனாலே பட்டியல் மாறக்கூடும்.

2. நீங்கள் பார்க்க விரும்பும் அணி அந்தப் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் உங்களுக்கு எம்எல்பி.டிவி போதும். இருந்தால் எம்எல்பி.டிவியின் பொதுச் சந்தா பயன்படாது. அந்த அணியின் உள்ளூர்ச் சந்தாதான் தேவை.

3. அந்த அணியின் அதிகாரபூர்வ இணையதளத்துக்குப் போய் ‘எப்படிப் பார்ப்பது’ என்ற பக்கத்தைப் படியுங்கள். சேனல் எது, கேபிள் இல்லாமல் நேரடியாக வாங்கலாமா, ஆன்டெனாவில் வருமா என்று அங்கே இருக்கும். கடந்த ஆண்டு படித்தது இந்த ஆண்டுக்கு உதவாது.

4. எத்தனை ஆட்டம் பார்ப்பீர்கள் என்று நேர்மையாகக் கணக்கிடுங்கள். 2023-ல் பந்து வீச நேர வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக் வந்த பிறகு ஆட்டத்தின் சராசரி நேரம் சுமார் 2 மணி 40 நிமிடமாகச் சுருங்கியது. அப்படியும் 150 ஆட்டம் பார்க்க 400 மணி நேரம் வேண்டும். வேலைக்குப் போகும் குடும்பத்தில் வாரம் ஒன்றிரண்டு ஆட்டம்தான் நடக்கும்.

5. மொத்த விலையை அந்த எண்ணால் வகுத்து, ஓர் ஆட்டத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். 99.99 டாலர் கட்டி 100 ஆட்டம் பார்த்தால் ஆட்டத்துக்கு ஒரு டாலர். 15 ஆட்டம் பார்த்தால் ஏழு டாலருக்குச் சற்றே குறைவு. இரண்டாவது வகை வீட்டுக்கு முழு சீசன் சந்தா தேவையில்லை.

மாதமா, முழு சீசனா?

2025 சீசனில் லீக் தயாரித்த ஐந்து அணிகளின் உள்ளூர்ச் சந்தா மாதம் 19.99 டாலர், முழு சீசனுக்கு 99.99 டாலர். ஐந்து மாதம் தனித்தனியாகக் கட்டினாலும் அதே 99.95-தான் ஆகும். அந்த ஆண்டு எம்எல்பி.டிவி மாதம் 29.99, ஆண்டுக்கு 149.99. அங்கும் ஐந்து மாதத்தில் சமமாகிறது. விதி எளிது: நான்கு மாதம் அல்லது அதற்குக் குறைவு என்றால் மாதச் சந்தா, ஆறு மாதமும் பார்ப்பதானால் சீசன் சந்தா.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமே உண்மையான பார்வைக் காலம். உள்ளூர்ச் சந்தாவை அந்த மூன்று மாதத்துக்கு எடுத்தால் 60 டாலரில் முடிந்துவிடும். சீசன் பாதியைத் தாண்டியதும் எம்எல்பி.டிவி மீதிக் காலத்துக்கான விலையைக் குறைப்பது வழக்கம். தாமதமாகச் சேர்பவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

அணிக்குச் சொந்தமான அல்லது பெருநகரச் சேனல்களின் விலை வேறு. பாஸ்டன் ரெட் சாக்ஸின் நெசன், 2022-ல் வட்டாரச் சேனல்களில் முதலாவதாக நேரடிச் சந்தாவைக் கொண்டுவந்தபோது மாதம் 29.99 டாலர் வைத்தது. நியூயார்க் யாங்கீஸின் யெஸ் நெட்வொர்க் 2023-ல் 24.99 டாலரில் தொடங்கியது.

மூன்று வீடுகள், மூன்று கணக்குகள்

*பீனிக்ஸில் டைமண்ட்பேக்ஸ் ரசிகர்.* 2025 விலைப்படி உள்ளூர்ச் சந்தா 99.99 டாலரில் பெரும்பாலான ஆட்டங்கள் வந்துவிடும். சனிக்கிழமை ஃபாக்ஸில் வரும் ஆட்டத்துக்கு ஜன்னலோரம் ஓர் ஆன்டெனா போதும். ஒருமுறைச் செலவு, மாதக் கட்டணம் இல்லை. கேபிள் தேவைப்படாத வீடு இது.

*டல்லாஸ் அருகே பிளேனோவில் யாங்கீஸ் ரசிகர்.* முன்பு நியூ ஜெர்சியில் இருந்தவர், அணியை மாற்றிக்கொள்ள மனமில்லை. இவருக்கு எம்எல்பி.டிவிதான் சரியான தீர்வு. யாங்கீஸ், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் போன்ற உள்ளூர் அணிகளோடு மோதும் சில நாள்களிலும் தேசிய ஒளிபரப்பு நாள்களிலும் மட்டும் திரை இருண்டிருக்கும். ஓர் அணிக்கான சந்தா கிடைத்தால் விலை இன்னும் சற்றுக் குறையும்.

*நியூ ஜெர்சி எடிசனில் யாங்கீஸ் ரசிகர்.* மூவரில் மிக அதிகம் செலவழிப்பவர் இவர்தான். யெஸ் சந்தாவை அதன் தொடக்க விலையான 24.99 டாலர் வீதம் ஆறு மாதம் கட்டினால் 150 டாலர் ஆகிறது. அதற்குப் பிறகும் அந்த வட்டாரத்தில் 2025-ல் சுமார் 21 ஆட்டங்கள் அமேசான் பிரைம் வீடியோவுக்குப் போய்விட்டன. சில வெள்ளிக்கிழமைகள் ஆப்பிள் டிவிக்கு, சில ஞாயிறு இரவுகள் தேசிய ஒளிபரப்புக்கு. பொருள் வாங்குவதற்காக ஏற்கெனவே பிரைம் வைத்திருந்தால் அதைக் கூடுதல் செலவாகக் கொள்ளாதீர்கள். ஆப்பிளுக்காகத் தனியே பணம் கட்ட வேண்டியதில்லை. மாதத்துக்கு ஓரிரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தை வானொலியில் கேட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். ‘162 ஆட்டத்தையும் பார்த்தே தீருவேன்’ என்பவர்தான் ஐந்தாறு இடத்தில் பணம் கட்டுகிறார். கடைசி பத்து ஆட்டங்களுக்கு ஆகும் செலவு, முதல் நூறு ஆட்டங்களுக்கு ஆனதை எட்டிப்பிடித்துவிடும்.

மூவருக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. அக்டோபர் பிளே-ஆஃப் ஆட்டங்களும் உலகத் தொடரும் தேசிய நிறுவனங்களுக்கே உரியவை. உள்ளூர்ச் சந்தாவில் அவை வராது. உலகத் தொடர் ஃபாக்ஸில் வருவதால் ஆன்டெனாவில் இலவசம். அதற்கு முந்தைய சுற்றுகளுக்கு ஒரே ஒரு மாதம் ஏதாவது லைவ் டிவி சேவையை எடுத்து, நவம்பர் பிறந்ததும் நிறுத்திவிடுங்கள்.

செலவைக் குறைக்கும் வழிகள்

- டி-மொபைல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சீசன் தொடக்கத்தில் எம்எல்பி.டிவியை இலவசமாகத் தந்துவருகிறது. பதிவு செய்யச் சில நாள்களே அவகாசம் தருவார்கள். மார்ச் கடைசி வாரத்தில் அவர்களுடைய ஆப்பைத் திறந்து பாருங்கள்.
- லீக்கின் ஆப்பில் இலவசக் கணக்கு தொடங்கினால், நாளுக்கு ஓர் ஆட்டம் இலவசமாகப் பார்க்கும் சலுகை பெரும்பாலான நாள்களில் உண்டு. உள்ளூர் மறைப்பு இதற்கும் பொருந்தும்.
- வானொலியை மறக்காதீர்கள். 1921 ஆகஸ்டில் பிட்ஸ்பர்கின் கேடிகேஏ நிலையம் முதல் முறையாக ஒரு மேஜர் லீக் ஆட்டத்தை ஒலிபரப்பியது. இன்றும் காரில் ஏஎம் வானொலியைத் திருப்பினால் உள்ளூர் அணியின் வர்ணனை இலவசம். ஒலிக்கு மட்டுமான சந்தா 2024-ல் ஆண்டுக்கு 29.99 டாலர், அதில் இருட்டடிப்பு கிடையாது.
- சந்தாக்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வாங்கிய அன்றே புதுப்பிப்பை நிறுத்தி வையுங்கள். கட்டிய காலம் முடியும்வரை ஆட்டம் வரும்.
- மாதம் 80, 90 டாலர் வாங்கும் லைவ் டிவி சேவையைப் பேஸ்பாலுக்காக எடுப்பதற்கு முன், உங்கள் வட்டாரச் சேனல் அதில் இருக்கிறதா என்று ஜிப் கோடு போட்டுப் பாருங்கள். 2025-ல் மாதம் 82.99 டாலர் வாங்கிய யூடியூப் டிவியில் பல வட்டாரச் சேனல்கள் இல்லை.

அடுத்து என்ன மாறும்?

லீக் ஆணையர் ராப் மான்ஃப்ரெட், அணிகளின் உள்ளூர் உரிமைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, இருட்டடிப்பு இல்லாத ஒரே தொகுப்பாக விற்க வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசிவருகிறார். தேசிய ஒப்பந்தங்கள் 2028 சீசனோடு முடியும்படி அமைந்திருப்பது அதற்கான ஆயத்தம். 2025 நவம்பரில் அறிவித்தபடி, 2026 முதல் 2028 வரை எம்எல்பி.டிவி விற்பனை ஈஎஸ்பிஎன் வசம் போகிறது, ஞாயிறு இரவு ஆட்டம் என்பிசிக்கும் பீகாக்குக்கும் போகிறது, ஹோம்ரன் டெர்பி நெட்ஃப்ளிக்ஸுக்குப் போகிறது.

குறுக்கே நிற்பவை பெரிய அணிகள். டாட்ஜர்ஸ், யாங்கீஸ், ரெட் சாக்ஸ் போன்றவற்றுக்கு உள்ளூர் வருமானம் பொன்முட்டையிடும் வாத்து. அதை ஏன் முப்பது பங்காகப் பிரிக்க வேண்டும் என்று கேட்பார்கள். யெஸ், நெசன் போன்ற சேனல்களில் அணி உரிமையாளர்களுக்கே பங்கு இருக்கிறது. இதற்கிடையில் வீரர்கள் சங்கத்தோடான ஒப்பந்தமும் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. வருமானத்தைப் பகிர்வது அந்தப் பேச்சுவார்த்தையிலும் வரும். எனவே 2028 வரை ஆண்டுதோறும் ஏதாவது ஒன்று மாறிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த நிலையில் வாசகர் செய்யவேண்டியது மூன்று. பேஸ்பாலை மட்டும் காரணமாகக் கொண்டு இரண்டு ஆண்டு கேபிள் அல்லது சாட்டிலைட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு மார்ச் மாதமும் ஜிப் கோடு, அணியின் இணையதளம், மொபைல் கம்பெனியின் சலுகை இவை மூன்றையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஓர் அணியை, ஒரு சந்தாவை, பார்க்கும் மாதங்களுக்கு மட்டும் வாங்குங்கள். இந்த மூன்றையும் பின்பற்றும் குடும்பத்துக்குப் பெரும்பாலான ஊர்களில் ஒரு சீசன் 60 முதல் 150 டாலருக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் கட்டுகிறீர்கள் என்றால், பார்க்காத ஆட்டத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறீர்கள் என்று பொருள்.